கைபிடி வைத்த ஹெலி

போன கிழமைதான் முதன்முதலாக ஒரு ஹெலிகொப்ரரின் முதுகைப் பார்த்தேன். ரொறன்ரோவில் நாங்கள் புதிதாகக் குடிவந்திருக்கும் வீடு பதினேழாம் மாடியில். வீதிக்கு அந்தப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி. அதன் கூரையில் பெரிய வட்டம் ஒன்று கீறிவைத்திருக்கிறார்கள். அது எதற்கென்று யோசிக்காமல் தேத்தண்ணிக் கோப்பையோடு சன்னலடியில் நின்றேன். சத்தம் கேட்டது. கை தன்பாட்டில் கோப்பையை மேசையில் வைத்தது, கால் தன்பாட்டில் சுவரோரம் ஒதுங்கியது. இத்தனை வருசம் கழிந்தும் இந்த உடம்புக்கு யார் எடுத்துச்சொல்வது?

பிறகு எட்டிப் பார்த்தால், அது எனக்குக் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. செம்மஞ்சள் நிறம். விசிறித் தண்டின் அடியில் பெட்டிபோல இயந்திரம், இரண்டு பக்கமும் காற்று வாங்குகிற வாய்கள், பின்னால் ஒரு சோடி புகைபோக்கி. “அட, இப்பிடியோ இருந்தது!” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

குசினிக்குள் நின்ற என் கணவர், “ஆரோடை கதைக்கிறீர்?” என்று கேட்டார்.

“ஒருத்தரோடையும் இல்லை” என்றேன். உண்மையில் சண்டிலிப்பாயில் ஒரு வீட்டு மண்டபத்தில் இருந்த மூன்று பேரோடு கதைத்துக்கொண்டிருந்தேன்.

உங்களுக்கு விளங்கும்படி சொல்ல வேண்டும். எண்பதுகளின் நடுவிலிருந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எவருக்கும் ஹெலியைத் தெரியும். சத்தத்தை வைத்தே எந்தப் பக்கம் போகிறது, சுற்றுகிறதா, பதிகிறதா என்று சொல்லிவிடுவோம். ஆனால் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அதன் வயிறு மட்டும்தான். கீழே கிடந்து மேலே பார்த்தவர்களுக்கு வேறென்ன தெரியும்?

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்கு இருபத்திரண்டு வயது. அரச அலுவலகம் ஒன்றின் வரைபடப் பிரிவில் படியெடுப்பவளாக வேலை கிடைத்திருந்தது. பாலத்துக்கும் மதகுக்கும் மற்றவர்கள் பென்சிலால் கீறிய படத்தின்மேல் மெல்லிய தாளை விரித்து, அதே கோடுகளை மையால் மறுபடி கீறவேண்டும். அவ்வளவுதான் வேலை. அதையும் நான் ஒழுங்காகச் செய்யவில்லை. எனக்கு உள்ளங்கை வியர்க்கும், தாள் பொருமும், கோடு நெளியும். நான் படியெடுத்த பாலங்களில் ஒன்றையாவது அப்படியே கட்டியிருந்தால் சனம் ஆற்றுக்குள்தான் போயிருக்கும். நல்லகாலம், ஒன்றையும் கட்டவில்லை. பொருளாதாரத் தடை. சீமெந்து இல்லை, கம்பி இல்லை, பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை. நகரத்தில் ஷெல் விழத் தொடங்கியதும் அலுவலகத்தை இடம்மாற்றி, சண்டிலிப்பாயில் புகையிலை பயிரிடும் ஒரு கமக்காரரின் வீட்டில் கொண்டுவந்து வைத்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்.

வீட்டுக்குப் பின்னால் புகையிலையைத் தொங்கவிட்டுப் புகைபோடும் குடில் இருந்தது. அந்த மணம் மண்டபத்துச் சுவர், மேசை, தாள், என் சட்டை எல்லாவற்றிலும் ஏறியிருக்கும். முதலில் தும்மிக்கொண்டேயிருந்தேன். பிறகு அது இல்லாத இடத்தில் மூச்சு வெறுமையாக இருந்தது. இன்றைக்கும் இங்கே யாராவது சுருட்டுப் பற்றவைத்துக்கொண்டு கடந்து போனால் நான் இரண்டு அடி பின்னால் நடப்பதுண்டு. என் மகளுக்கு அது பெரிய வெட்கம்.

நாங்கள் நாலு பேர். பிரதம எழுத்தர் கனகசபை ஐயா, அவரை எல்லோரும் ‘சீஃப் கிளார்க்’கைச் சுருக்கி ‘சி.சி. ஐயா’ என்போம். ஓய்வு பெறுகிற வயது. ஒரே மகள் கலியாணம் முடித்துக் கொழும்பில் இருந்தாள். பேரப்பிள்ளை பிறந்து நடக்கவும் தொடங்கிவிட்டது, அவர் முகம் பார்க்கவில்லை. கொழும்புக்குப் போவதென்றால் கிளாலிக் கடலை வள்ளத்தில் தாண்டவேண்டும். கடற்படையும் ஹெலியும் சுடுகிற கடல். அவருடைய மனைவிக்குக் கால் வீங்குகிற வருத்தம். போவோமா விடுவோமா என்றே வருசங்கள் போய்க்கொண்டிருந்தன. அடுத்தவர் பியோன் செல்லத்துரை, சைக்கிள் மிதிப்பதே தொழிலான ஒல்லி மனிதர். மூன்றாவது படவரைஞர் யேசுதாசன்.

தாசன் குருநகர்க்காரர், கத்தோலிக்கர். அப்பாவும் அண்ணனும் கடலுக்குப் போனவர்கள். இவர் மட்டும் பள்ளிக்கூடத்தில் நன்றாகக் கீறியதால் மேசைக்கு வந்தவர். அண்ணன் பெனடிக் ஒரு நாள் பட்டப்பகலில் வலை இழுத்துக்கொண்டு நின்றபோது ஹெலி வந்தது. அவர் கரை திரும்பவில்லை. அந்தக் கதையைத் தாசன் சொன்னதில்லை, செல்லத்துரை சொல்லித்தான் தெரியும். கரையோரத்தில் இருக்க முடியாமல் அம்மாவை மிருசுவில் பக்கம் சொந்தக்காரரிடம் விட்டுவிட்டு, அவர் சண்டிலிப்பாயில் ஒரு அறையில் தங்கியிருந்தார்.

ஒருநாள் முற்பகல் ஹெலி வந்து சுற்றத் தொடங்கியது. நாலு பேரும் பின்வளவுப் பங்கருக்குள் இறங்கினோம். பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்ட குழி. முழங்காலும் முழங்காலும் முட்டும். சி.சி. ஐயா தேவாரம் முணுமுணுத்தார். தாசன் மேலே பார்த்தபடி, சும்மா கேட்பதுபோலக் கேட்டார்: “உது ஒண்டு எங்களிட்டை இருந்தால் என்ன செய்வியள்?”

எல்லோருக்கும் ஒரு நிமிசம் தேவாரம், பயம் எல்லாம் மறந்துபோயிற்று.

“திருப்பிப் போய் அவங்களுக்குப் போடுவன்” என்றார் செல்லத்துரை.

“அது இப்ப அவங்கள் செய்யிற வேலை. உம்மடை வேலையைச் சொல்லும்.”

செல்லத்துரை யோசித்தார். “அப்ப சவுக்காரம் ஏத்திக்கொண்டு வருவன். வீட்டை பனங்காயிலை உடுப்புத் தோய்ச்சு அலுத்துப்போச்சு.”

சி.சி. ஐயா கண்ணை மூடியபடியே, “நான் காலமை கொழும்பிலை வெள்ளவத்தைக்குப் போய், பேரக்குஞ்சைத் தூக்கிப் பாத்திட்டு, பின்னேரம் வந்திடுவன். கந்தோருக்கு அரை நாள் லீவு போட்டாக் காணும்” என்றார்.

என்னையும் கேட்டார்கள். எனக்கு எங்கே போகவேண்டுமென்று தெரியவில்லை. “நான் சும்மா இருந்து போவன்” என்றேன். தாசன் சிரித்தார். ஹெலி மேலே நிற்கும்போது சிரித்த ஒரு மனிதரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அடுத்த நாள் வந்தபோது அவர் மேசையில் ஒரு படம் விரிந்திருந்தது. இருபதுக்கு ஒன்று என்ற அளவுத்திட்டத்தில், பக்கப்பார்வை, கீழ்ப்பார்வை எல்லாம் முறையாக, பாலம் கீறுகிற அதே ஒழுங்கோடு. இராணுவ ஹெலிதான். ஆனால் உள்ளே இருக்கைகள், பொதி வைக்கிற தட்டு. “கட்டுவம்” என்றார். “எங்களிட்டை இருந்தா எப்பிடி இருக்குமோ, அப்பிடி.”

சி.சி. ஐயா விசர் வேலை என்றார். பத்து நிமிசம் கழித்து வந்து, தன் கால் நீட்ட இடம் காணுமா என்று கேட்டார்.

இப்படித்தான் நாங்கள் ஹெலி கட்டத் தொடங்கினோம். கமுகஞ் சிலாகையில் சட்டம், மட்டையில் உடம்பு. கால்களுக்குப் பழைய குடைக்கம்பி. சன்னலுக்குக் கண்ணாடி வேண்டுமே, செல்லத்துரை எங்கிருந்தோ பழைய எக்ஸ்றே படங்கள் கொண்டுவந்தார். ஊறவைத்து உரஞ்சினால் கறுப்புப் போய்விடும். ஒன்றில் மட்டும் என்ன செய்தும் யாரோ ஒருவரின் விலா எலும்பு மங்கலாகத் தெரிந்தது. “பரவாயில்லை, அந்தாளும் கொழும்பு பாக்கட்டும்” என்று சி.சி. ஐயா அதைத் தன் இருக்கைக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். ஒட்டுவதற்குச் சைக்கிள் ரியூப்புக்குப் பூசுகிற சொலூசன். புகையிலை மணத்தோடு அந்தச் சொலூசன் மணமும் சேர்ந்தால் தலை மெல்லச் சுழலும். அந்த மாதங்களில் எனக்கு இருந்த மயக்கத்துக்கு அதுதான் காரணம் என்று கொஞ்சக் காலம் நம்பியிருந்தேன்.

மேற்பக்கம் வந்தபோது வேலை நின்றது. ஒருவருக்கும் அது எப்படி இருக்குமென்று தெரியாது. முட்டைபோல உருண்டை என்றார் செல்லத்துரை. எண்ணெய்த் தாங்கி இருக்கும் என்றார் சி.சி. ஐயா. தட்டையாக இருந்தால் மிளகாய் காயவிடலாம் என்றேன் நான். கமக்காரர் வீட்டுப் பெட்டை வேறென்ன சொல்வாள்? கடைசியில் தட்டிவான் கூரைபோலச் சுற்றிவரக் கம்பி போட்டு, சாக்கும் கடகமும் கட்டுகிற மாதிரி வைத்தோம். தட்டிவானைத் தெரியாதவர்களுக்கு, அது பலகையால் கூடு அடித்த பழைய பஸ். ஆட்கள் உள்ளே, வாழைக்குலை மேலே. அப்படி ஒரு கூரைக்கு மேல் விசிறி சுழன்றால் குலை என்னாகும் என்று யாரும் கேட்கவில்லை.

வாசலில்தான் உண்மையாகவே சிக்கல் வந்தது. ஹெலியின் பக்கவாசலில் துவக்கோடு ஒருவன் இருப்பான். கீழிருந்து பார்த்தாலே தெரியும். தாசனின் படத்தில் எல்லாம் கீறி முடிந்திருந்தது, அந்த வாசல் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனார். பென்சிலைத் தீட்டுவார், வைப்பார், வெளியே போய்க் கிணற்றடியில் நிற்பார். எனக்கு விளங்கியது. மற்ற இருவருக்கும் விளங்கியிருக்கும்.

ஒரு மத்தியானம் அவர் சாப்பிடப் போன நேரம், படத்தின்மேல் தாளை விரித்து அந்த வாசலை நான் கீறினேன். துவக்கு நிற்கிற இடத்தில் இரண்டு படி, வயசானவர்கள் பிடித்து ஏற ஒரு கைபிடி. கை வழக்கம்போல வியர்த்தது. கைபிடி கொஞ்சம் நெளிந்துபோயிற்று.

வந்தவர் தாளின்மேல் குனிந்து பார்த்தார்.

“ஆர் கீறினது?”

“நான்தான்.”

“கைபிடி நெளிஞ்சிருக்கு.”

“ஓம். அழிச்சுவிடுங்கோ.”

“வேண்டாம்” என்றார். “கைக்கு நல்லாப் பிடிபடும்.”

குடைக்கம்பித் துண்டை அதே நெளிவோடு வளைத்து அவரே வைத்தார்.

சுண்ணாம்பு வெள்ளையும் உடுப்புக்குப் போடுகிற நீலமும் பூசினோம். பழைய கசெற் றெக்கோடரின் மோட்டரை உள்ளே வைத்து, சைக்கிள் டைனமோவிலிருந்து வயர் இழுத்தோம். செல்லத்துரை நிறுத்தி வைத்த சைக்கிளில் ஏறி மிதிக்க, விசிறி ஒருமுறை திக்கி, பிறகு சுழன்றது. சி.சி. ஐயா கைதட்டினார். அன்றிலிருந்து அவர் காலையில் வந்ததும் கேட்பது, “என்ன தம்பி, இண்டைக்கு ஹெலி வெளிக்கிடுதோ?” தாசன் முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு, “ஆள் காணாது ஐயா, இன்னும் சேரட்டும், நாளைக்குப் பாப்பம்” என்பார். கடதாசியில் உருட்டிய பயணிகள் உள்ளே இருந்தார்கள். மொட்டைத் தலையோடு சி.சி. ஐயா, கால் நீட்டியபடி அவர் மனைவி, சவுக்காரப் பெட்டியோடு செல்லத்துரை. ஓட்டுபவரின் பக்கத்து இருக்கையில் இரட்டைப் பின்னலோடு ஒருத்தி. எனக்கு இரட்டைப் பின்னல். ஓட்டுபவர் யாரென்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இப்போது கேட்டிருக்கலாம் என்று தோன்றும். அப்போது? அவர் கடற்கரைக் கத்தோலிக்கர், நான் சண்டிலிப்பாய்ச் சைவக் கமக்காரரின் மகள். இரண்டு வீட்டிலும் வாசல்படி ஏறவிடமாட்டார்கள். அம்மாவுக்கு ஏதோ மணத்திருக்கவேண்டும். “அந்தப் படம் கீறிற பெடியன் எவடம்?” என்று ஒருநாள் கேட்டா. “ரவுன் பக்கம்” என்றேன். குருநகர் ரவுன் பக்கம்தானே, பொய்யில்லை.

பிறகு சமாதானப் பேச்சு என்று ஒரு காலம் வந்தது. அரசாங்கத் தரப்பில் பேச வந்தவர்கள் ஹெலியில் வந்து யாழ்ப்பாணத்தில் ஒரு மைதானத்தில் இறங்கினார்கள். சனம் சைக்கிளிலும் நடையிலும் பார்க்கப் போனது. பத்து வருசம் எதைக் கண்டு ஓடினோமோ, அதைப் பார்க்க ஓடினோம். நாங்கள் நாலு பேரும் போனோம். தாசன் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார். ஹெலி பதிய, புழுதி எழும்பியது. பக்கத்தில் நின்ற பெண்ணொருத்தி காதைப் பொத்திக்கொண்டே சிரித்தாள், அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. பக்கவாசல் திறந்தது. சேட்டும் காற்சட்டையும் போட்ட ஒரு நடுத்தர வயது மனிதர், காலை எங்கே வைப்பதென்று தடவித் தடவி இறங்கினார்.

தாசன் என் சைக்கிள் கைபிடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிடித்திருப்பது அவருக்குத் தெரியாதென்று நினைக்கிறேன். “பாரும்” என்றார். “அந்த வாசலாலை ஒரு மனுசன் இறங்கிறான், பாரும்.”

நான் அந்த மனிதரைப் பார்க்கவில்லை. தாசனின் முகத்தைப் பார்த்தேன். வேறு யாரும் பார்க்கக்கூடாத முகம் அது. நான் பார்த்துவிட்டேன், அதை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை.

அந்த அமைதிக்குள் சி.சி. ஐயா துணிந்து கிளாலியைத் தாண்டினார். திரும்பி வருவாரென்று ஒருவரும் நம்பவில்லை. வந்தார், ஒரு பை சவுக்காரத்தோடு. “குஞ்சு என்ரை மொட்டையிலை தாளம் போட்டுதடாப்பா” என்று அன்று முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தார். செல்லத்துரை சவுக்காரத்தை மணந்து பார்த்துவிட்டு, பிரிக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனார். எங்கள் நாலு பேருக்கும் நல்ல நாட்கள் என்றால் அவைதான்.

சித்திரையில் சண்டை மறுபடி தொடங்கியது. ஐப்பசி முடிய, எங்கள் ஊர்கள் இருக்கிற வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளிக்கிடவேண்டும் என்று அறிவித்தார்கள். அந்த இடப்பெயர்வைப் பற்றி நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள். நான் கண்ட சிறு துண்டை மட்டும் சொல்கிறேன். மழை. ஒரே ஒரு வீதி, அதில் ஊர்கள் எல்லாம் சேர்ந்து நடந்தன. அப்பாவும் அம்மாவும் மாட்டு வண்டிலோடு முன்னால் போய்விட்டார்கள். நான் சட்டிபானை கட்டிய சைக்கிளை உருட்டிக்கொண்டு போனேன். விடிந்து வெளித்தபோது, நாவற்குழிப் பாலத்துக்குக் கிட்ட, எனக்கு முன்னால் ஒரு சைக்கிள் கரியரில் எங்கள் ஹெலி. சைக்கிள் ரியூப்பைக் கிழித்த கீலத்தால் கட்டி, மேலே பொலித்தீன் போர்த்திருந்தது. தாசன் தன் உடுப்புகளைத் தோளில் ஒரு பையில் போட்டுவிட்டு, கரியரை அதற்குக் கொடுத்திருந்தார். கந்தோர் சாவி அவரிடம்தான் இருந்தது.

“உதையோ கொண்டுவாறியள்?” என்று கேட்டேன். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

“வேறை என்னத்தைக் கொண்டுவாறது?” என்றார்.

கொஞ்சத் தூரத்தில் மதகுக் கட்டொன்றில் சி.சி. ஐயாவும் மனைவியும் இருந்தார்கள். அந்த அம்மாவின் கால்கள் வீங்கிப் பளபளத்தன. இனி ஒரு அடி வைக்க ஏலாது என்று சொல்லிக்கொண்டிருந்தா. ஐயா அவவின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

தாசன் சைக்கிளை நிறுத்தினார். கீலத்தை அவிழ்த்தார்.

“தம்பி, வேண்டாம். உதை விடாதை” என்றார் ஐயா.

“ஆக்களை ஏத்தத்தானே ஐயா கட்டினது” என்றார் தாசன். ஹெலியை மதகுக் கட்டின்மேல் வைத்தார். அந்த அம்மாவைத் தூக்கிக் கரியரில் இருத்தினார். பொலித்தீனை எடுத்து அவவின் தலைக்குமேல் போட்டார். நாங்கள் நடக்கத் தொடங்கினோம். நான் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். மழையில் நீலம் கரைந்து மதகில் வழிந்துகொண்டிருந்தது. பின்னால் வந்த சனம் எங்கள் நடுவில் புகுந்துவிட்டது.

சாவகச்சேரியில் சந்தை, பள்ளிக்கூடம், கடை விறாந்தை எல்லாம் ஆட்கள். ஐயாவையும் மனைவியையும் ஒரு வகுப்பறை மூலையில் இருத்திவிட்டு, தாசன் தன் அம்மாவைத் தேடி மிருசுவிலுக்குப் போக வெளிக்கிட்டார். என் அம்மா பக்கத்தில் நின்றா. அதனால் நாங்கள் அயலட்டைக்காரர் மாதிரிக் கதைத்தோம்.

“போட்டு வாறன்.”

“ஓம். கவனம்.”

அவ்வளவுதான். தாசன் தன் அம்மாவோடு மன்னாருக்குப் போய் அங்கிருந்து இந்தியாவுக்கு வள்ளம் ஏறியதாக, பிறகு நான் வன்னியில் கண்ட செல்லத்துரை சொன்னார். சி.சி. ஐயாவும் மனைவியும் கடைசியில் கொழும்புக்குப் போய், மகள் வீட்டிலேயே இருந்து செத்துப்போனார்கள். எனக்கு இங்கிருந்து கலியாணம் பேசி வந்தது. வந்தேன். கணவர் நல்ல மனிதர். அதில் ஒரு குறையும் இல்லை.

சண்டை முடிந்து சில வருசங்களுக்குப் பிறகு ஒருமுறை ஊருக்குப் போனேன். அலுவலகம் இருந்த வீட்டை இடித்துக் கலியாண மண்டபம் கட்டியிருக்கிறார்கள். குடில் இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். ஊரில் புகையிலை நடுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். தட்டிவானை ஒரு கடைவாசலில் அலங்காரத்துக்கு நிறுத்தியிருந்தார்கள், பிள்ளைகள் ஏறி நின்று படம் எடுத்தார்கள். எல்லோருக்கும் சவுக்காரம் இருக்கிறது.

யாருக்கும் சொல்லாமல் ஒரு ஓட்டோ பிடித்துக் குருநகருக்குப் போனேன். பழைய வீடுகள் அநேகமாக இல்லை. கடற்கரை வீதியில் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஒரு இளம் பெடியனிடம் பெனடிக்கின் வீடு, யேசுதாசன் என்று விசாரித்தேன். அவன் உள்ளே போய்த் தாயைக் கேட்டுவிட்டு வந்தான்.

“அவையள் இந்தியாவுக்குப் போனதாம் அக்கா. பிறகு வரேல்லையாம். அவர் உங்களுக்கு என்ன முறை?”

அவன் வலையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

“ஒரே கந்தோரிலை வேலை செய்தனாங்கள், தம்பி.”

“கந்தோர் எண்டா?”

அவனுக்கு அந்தச் சொல் தெரியவில்லை. “ஒஃபிஸ்” என்றேன். “ஓ” என்று தலையாட்டிவிட்டு, அவன் மறுபடி வலையைத் தூக்கினான்.